கோட்டை கட்டிய விளக்குகள்

பதினோராம் வாரம் காயானி மருத்துவமனையில்
கடைசி வரி வரை படித்தேன்.
அட்டையின் அடியில் எறும்பளவில் இருந்த
அச்சகத்தின் பெயரையும்.
டாக்டர் சோர்வரி பேனாவை மூடி வைத்தார்.
"அருமையான முடிவு, திருமதி கார்ப்பினென்."

அந்த அறையில் இருட்டு இல்லை.
அதுதான் விஷயம்.

என் வேலை இருட்டில்.
குஹ்மோவிலிருந்து எல்லைப் பக்கம் போகும் சாலையில்
இருபத்தாறு குளிர்காலமாகப்
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
டிசம்பரில் மதியம் மூன்றுக்கே
விளக்குப் போடும் ஊர்.

நிலா கோட்டை கட்டினால் வானம் கொட்டும்.
இங்கே கொட்டுவது பனி.
இப்போது கோட்டை கட்டாதது எதுவுமில்லை:
மரம் ஏற்றி வரும் லாரி,
பெட்ரோல் நிலையத்து விலைப் பலகை,
சைக்கிளில் வீடு திரும்பும் பையனின்
நெற்றி விளக்கு.
தூரத்தில் இரண்டு வெங்காய வட்டம்;
கிட்டே வர வர ஒன்றன்மேல் ஒன்று ஏறி
ஒரே வெள்ளை.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தால்
விளக்கெண்ணெய்தான் தெரிகிறது.
அந்த மூன்று நொடி நான் ஓட்டுவதில்லை,
சாலையின் ஞாபகம் ஓட்டுகிறது.

மூக்குக் கண்ணாடி வேண்டாம் என்று
கேட்டது நான்தான்.
கிட்டத்துக்கும் எட்டத்துக்கும் ஒரே வில்லை,
கூடுதல் பணம்.
படிவத்தில் ஏழாவது வரி:
சிலருக்கு விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம்.
அந்தச் சிலர் யாரோ என்று
கையெழுத்துப் போட்டேன்.

இன்னொன்று, வலது ஓரத்தில்.
வெட்டிப்போட்ட நகம் போல ஒரு கருப்புப் பிறை.
முதல் வாரம் யாரோ நிற்கிறார்கள் என்று
திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.
"என்ன வேணும்?" என்று ஒருமுறை
கேட்டும் விட்டேன், வெறும் சமையலறையை.
தௌனோ கோட் மாட்டியை வேறு சுவருக்கு மாற்றினார்.
பாவம், அது கோட் மாட்டி இல்லை.

"மூளை பழகிக்கொள்ளும்" என்றார் டாக்டர்.
"எதற்கு?"
"அது அங்கே இல்லை என்று நம்ப."
ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்.
மறுபடியும் அந்தச் சிலர்.

சாலை விளிம்பைக் காட்ட நட்ட குச்சிகள்
அந்தப் பிறைக்குப் பின்னால்தான் வருகின்றன.
டிசம்பரில் ஒரு குச்சி முறிந்தது.
ஜனவரியில், ஏழு தபால் பெட்டி வரிசையில்
கடைசிப் பெட்டி.
ஹைக்கினெனுடையது.
"பனியின் பாரம், சாய்ச்சிடுச்சு" என்றான்
கடை வாசலில் பார்த்தபோது.
நான் தலையை ஆட்டினேன்,
ஆம் என்றும் இல்லை இல்லையென்றும்
எடுத்துக்கொள்ளலாம்படி.

இடக்கண் இன்னும் பழையது, புரையோடு.
அதை மட்டும் திறந்தால்
பனி, ஆறிப்போன தேநீர்.
வலதை மட்டும் திறந்தால் நீலம்,
நிழல் விழுந்த பள்ளமெல்லாம் நீலம்,
விடியலில் வண்டியை நிறுத்தி இறங்கி
அழுதேன் ஒருநாள், யாரிடமும் சொல்லவில்லை.
இத்தனை வருடம்
அழுக்கு மஞ்சளையா தள்ளிக்கொண்டிருந்தேன்?

இரண்டாவது கண்ணுக்குத் தேதி கேட்டு
கடிதம் வந்திருக்கிறது.
ரொட்டிக் கூடையின் அடியில் கிடக்கிறது.
சாதாரண வில்லையே போதும் என்று
ஒரு நாள் நினைக்கிறேன்.
மறுநாள், வேண்டாம்,
தேநீர் நிறத்தில் ஒரு கண் இருக்கட்டும் என்று.

சனிக்கிழமை கடையில்
ஒரு தபால் பெட்டி வாங்கினேன்.
பழையதைப் போலவே பச்சை.
தினமும் கடந்து போனவள், எனக்குத் தெரியாதா.
ஹைக்கினென் வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தான்.
வந்து என் வலப்பக்கம் நின்றான், பிறைக்குள்.
சொல்வதற்கு
முழு உடம்போடும் திரும்ப வேண்டியிருந்தது.
சொன்னேன்.
குச்சியையும் சேர்த்துச் சொன்னேன்.

அவன் பெட்டியை வாங்கி
இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"பழையது நீலம், தாய்மி" என்றான்.